அணுக்கழிவுக் கப்பலை எதிர்த்து ஆட்சேபம் எழுப்புவது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குக் கப்பலில் பசிபிக், கரீபியன் தீவுகளை ஒட்டிய கடல் வழியாக அணுக்கழிவை ஏற்றிப் போவதை எதிர்த்து மனு தயாரிப்பது, கையெழுத்து வாங்குவது, சரியான இடத்தில் சேர்ப்பது, பதில் வரும்வரை விடாமல் கேட்பது. இவ்வளவையும் கிருஷ்ணகிரியில் இருந்தபடியே எங்கள் சிறு குழு செய்து பார்த்தது. முதல் தடவை வரிசை தப்பியதால் மூன்று மாத உழைப்பு வீணாகிப் போனது. அப்புறம் வந்து சேர்ந்த கல்லூரி மாணவர்களும் மகளிர் குழுவினரும் அதே இடங்களில் தடுக்கியதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

கடலே இல்லாத மாவட்டத்துக்கு இதில் என்ன வேலை என்று எல்லோரும் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 2012 நவம்பரில், கூடங்குளத்தின் கழிவைக் கோலார் தங்கவயலின் கைவிட்ட சுரங்கத்தில் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது. வேப்பனப்பள்ளியைத் தாண்டி எல்லையைக் கடந்தால் தங்கவயல். நம் சொந்தபந்தம் பாதிப் பேர் அங்கேதான். ஊரே கடையடைத்துத் தெருவுக்கு வந்தது. சில நாளில் அப்படித் திட்டம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. தன்னைக் கேட்காமல் தன் காலடியில் எதையோ வைக்கத் தீர்மானிக்கிறார்கள் என்ற அந்தச் சில நாள் பயத்தை, தீவு மக்கள் பல பத்தாண்டுகளாகச் சுமக்கிறார்கள். எனக்கு இந்தக் காரணம் போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாலைந்து பேர் போதும். ஆனால் அவர்களில் ஒருவர் ஆங்கில ஆவணத்தைப் பொறுமையாகப் படிப்பவராக இருக்க வேண்டும். இன்னொருவர் தேதி எழுதி வைப்பவர். இவரை யாரும் முக்கியமாக நினைப்பதில்லை. பாதி வேலை இவரை நம்பித்தான் இருக்கிறது, ஏனென்றால் தகவல் உரிமை மேல்முறையீட்டுக்கு நாள் தவறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் போவதாக இருந்தால் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர் கட்டாயம் வேண்டும்.

காகிதத்தில் அச்சிட்ட பெரிய கடல் வரைபடம் ஒன்று வாங்குங்கள். கைபேசியில் தீவுகள் புள்ளியாகக்கூடத் தெரியாது. வரைபடத்தை மேசையில் விரித்தால்தான் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே கடல் கண்ணில் படும்.

குறைந்தது இரண்டு மாத அவகாசம் வையுங்கள். அடுத்த வாரம் கப்பல் என்று செய்தி வந்த பிறகு தொடங்கினால் அந்தக் கப்பலுக்கு எதுவும் செய்ய முடியாது. அடுத்த கப்பலுக்காகத்தான் வேலை செய்கிறீர்கள் என்று முதல் நாளே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள்.

1. சரக்கு என்ன என்று முதலில் உறுதி செய்யுங்கள்

"அணுக்கழிவு" என்று பொதுவாக எழுதாதீர்கள். கப்பலில் போவது பல வகை, ஒவ்வொன்றுக்கும் ஆபத்தும் சட்டமும் வேறு.

உலையில் எரிந்து முடிந்து எடுத்த எரிபொருள் ஒன்று. அதை மறுசுத்திகரித்த பின் மிஞ்சுவதைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் குடுவையில் அடைத்த உயர்நிலைக் கழிவு இன்னொன்று. 1995-இல் பசிபிக் பின்டெய்ல் கப்பல் பிரான்சின் ஷெர்பூர்கிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டு போனது இதைத்தான், 28 குடுவைகள். பிரித்தெடுத்த புளூட்டோனியமும், அதைக் கலந்து செய்த மாக்ஸ் எரிபொருளும் கழிவே அல்ல. 1992-இல் புறப்பட்ட அகாட்சுகி மாரு சுமந்தது புளூட்டோனியம். அதைக் "கழிவுக் கப்பல்" என்று எழுதினால், கழிவே இல்லை என்ற ஒரே வரிப் பதிலில் உங்கள் மனு முடிந்துவிடும். கையுறை, வடிகட்டி போன்றவை பீப்பாயில் வரும் குறைநிலைக் கழிவு கடைசி வகை.

எங்கள் முதல் துண்டறிக்கையில் ஒரு தம்பி குடைக்காளான் மேகம் வரைந்து வைத்தான். தருமபுரியில் ஓர் இயற்பியல் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தார். "இது குண்டு மாதிரி வெடிக்காது. நீங்கள் வெடிக்கும் என்று எழுதினால் மற்ற வரியையும் யாரும் நம்ப மாட்டார்கள்" என்றார். அவர் சொன்னது சரி. படத்தை எடுத்துவிட்டு, கடலில் கலந்தால் என்ன ஆகும், எத்தனை காலம் இருக்கும் என்று எழுதினோம். சீசியம்-137 பாதியாகக் குறைய சுமார் 30 ஆண்டு. புளூட்டோனியம்-239 பாதியாக சுமார் 24,000 ஆண்டு. பயமுறுத்த இந்த இரண்டு எண்ணுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஆசிரியரும் கையெழுத்துப் போட்டார்.

2. பாதையை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்

ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இந்தச் சரக்கு மூன்று வழியாகப் போயிருக்கிறது: கரீபியன் கடல், பனாமா கால்வாய் வழி, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித் தென்மேற்குப் பசிபிக் வழி. மூன்றையும் பென்சிலால் வரையுங்கள். வரைந்தவுடன் எந்தத் தீவுகள் என்பது தானாகத் தெரியும்.

அடுத்து இரண்டு எல்லைகளைக் குறியுங்கள். கரையிலிருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர், அந்த நாட்டின் ஆட்சிக் கடல். 200 கடல் மைல், சுமார் 370 கிலோமீட்டர், மீன்வளத்தின் மேல் அந்த நாட்டுக்கு உரிமை உள்ள பொருளாதார மண்டலம். கிருஷ்ணகிரியில் நின்று அளந்தால் அது சென்னையைத் தாண்டிப் போகும் தூரம். துவாலு நாட்டின் மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர். கிருஷ்ணகிரி மாவட்டமே 5,000-க்கு மேல். அந்தத் துளி நிலத்துக்காரர்களுக்குப் பல லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் இருக்கிறது. அதுதான் அவர்களுடைய வயல். ஊரில் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

நம் பக்கத்திலும் பாருங்கள். மினிக்காய் தீவின் வடக்கே ஒன்பது டிகிரிக் கால்வாய், தெற்கே எட்டு டிகிரிக் கால்வாய். இரண்டும் உலகக் கப்பல்கள் ஓயாமல் போகும் வழி. நிக்கோபாருக்குத் தெற்கே ஆறு டிகிரிக் கால்வாய். மேலே சொன்ன ஐரோப்பா-ஜப்பான் சரக்கு இந்த வழியாகப் போவதில்லை, அப்படி எழுதிவிடாதீர்கள். ஆனால் இங்கே அப்படி ஒரு சரக்கு வந்தால் லட்சத்தீவுக்கு முன்கூட்டியே தெரியுமா என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஐந்தாம் படியில் அதைத்தான் கேட்கப் போகிறோம்.

3. சாவி யார் கையில் என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஐ.நா. சபைக்கும் பிரதமருக்கும் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஒரு பதிலும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. இதுவரை இந்தச் சரக்கு எங்கெல்லாம் நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று பார்த்தால் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

துறைமுகம் வைத்திருப்பவர் கையில் ஒரு சாவி. பசிபிக் பின்டெய்ல் 1995 ஏப்ரலில் ஜப்பானை அடைந்தபோது, ஆமோரி மாகாண ஆளுநர் துறைமுகத்தில் நுழைய விடவில்லை. எங்கள் மாகாணம் நிரந்தரக் கிடங்கு ஆகாது என்று அரசு உறுதி கொடுத்த பிறகு, மறுநாள்தான் விட்டார். பல நாடுகள் குரல் கொடுத்தும் நிற்காமல் வந்த கப்பல், ஒரு மாகாணத்தின் வாசலில் ஒரு நாள் நின்றது.

கடலோர நாட்டின் கையில் ஒன்று. அதே பயணத்தில் சிலி நாடு தன் 200 மைல் எல்லைக்குள் வராதே என்று அந்தக் கப்பலுக்கு உத்தரவு போட்டது.

கப்பலில் ஏறும் தொழிலாளியின் கையில் ஒன்று. 1983-இல் பிரிட்டனின் கடல் தொழிலாளர் சங்கம், அட்லாண்டிக்கில் குறைநிலைக் கழிவைக் கொட்டப் போகும் கப்பலில் ஏற மறுத்தது. அந்த ஆண்டு கொட்ட முடியவில்லை. ஆழ்கடலில் கொட்டுவதைப் பிரிட்டன் அதன் பிறகு தொடரவும் இல்லை. தூத்துக்குடி, சென்னைத் துறைமுகத் தொழிற்சங்கங்களுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்வது இதனால்தான்.

கரையில் இருக்கும் மக்கள் கையில் ஒன்று. தைவானின் லான்யு தீவில் தாவோ பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1982 முதல் அங்கே கப்பலில் குறைநிலைக் கழிவுப் பீப்பாய்களைக் கொண்டுவந்து சுமார் 1 லட்சம் வரை சேர்த்துவிட்டார்கள். கட்டும்போது மீன் டின் தொழிற்சாலை என்றுதான் தங்களிடம் சொன்னார்கள் என்கிறார்கள் தாவோ மக்கள். 1996-இல் துறைமுகத்தை அவர்கள் மறித்தார்கள், வந்த கப்பல் இறக்காமல் திரும்பியது. அதன் பிறகு புதிய பீப்பாய் வரவில்லை. பழையவை இன்னும் அங்கேயேதான்.

கடைசியாக, அனுப்புகிறவர், வாங்குகிறவர், சுமக்கிறவர். ஐரோப்பா-ஜப்பான் சரக்கைச் சுமக்கும் பசிபிக் நியூக்ளியர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தில் பெரும்பங்கு பிரிட்டன் தரப்புக்கு, மீதி பிரான்சுக்கும் ஜப்பானுக்கும். சென்னையில் ஜப்பான் துணைத் தூதரகமும் பிரிட்டன் துணைத் தூதரகமும் இருக்கின்றன. பிரெஞ்சுத் துணைத் தூதரகம் புதுச்சேரியில். பஸ் ஏறினால் போய்விடலாம்.

ஒரு தாளில் இவர்கள் எல்லோரையும் எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் "இவரால் என்ன செய்ய முடியும்" என்று ஒரே வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அவருக்கு மனு வேண்டாம்.

4. தீவு மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே எழுதுங்கள்

மனுவை எழுதிவிட்டு ஆதரவு கேட்கப் போவது தலைகீழ். அவர்கள் கேட்காததை நாம் கேட்டுவிட்டால், அரசுகள் அதையே பிடித்துக்கொண்டு "உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை" என்று சொல்லும்.

பசிபிக் தீவு நாடுகளின் மன்றமும் கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது பொது ஆவணங்களில் இருக்கிறது. இந்தச் சரக்கு எங்கள் கடலில் வரக்கூடாது என்பது முதல். வருவதாக இருந்தால் முன்னறிவிப்பு, கலந்தாலோசனை, விபத்து நேர்ந்தால் பொறுப்பும் இழப்பீடும்.

இதில் இழப்பீட்டை நம்மவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகக் கனமான கோரிக்கையாகப் படுகிறது. கதிர்வீச்சு ஒரு துளியும் கசியாமல் வெறும் விபத்துச் செய்தி வந்தாலே டூனா விற்காது, சுற்றுலாப் பயணி வரமாட்டார். கசிவே இல்லாத அந்த நஷ்டத்தை யார் தருவது என்பதற்குத் தெளிவான உறுதி வேண்டும் என்கிறார்கள். மாம்பழம் விளைவிக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுத்தது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், நல்ல பழத்துக்கும் விலை விழும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியபோது கேரளத்தில் மீன் வாங்கவே மக்கள் தயங்கினார்கள். அதன் ஆபத்தான சரக்கில் இருந்ததும் அதே கால்சியம் கார்பைடு, அணுப்பொருள் அல்ல.

5. தகவல் உரிமை மனுக்களை முதலில் போட்டுவிடுங்கள்

ஆட்சேப மனுவுக்கு முன்னால் இது ஏன்? பதிலுக்கு 30 நாள் ஆகும். அந்த 30 நாளில் ஊர் வேலையை முடித்துக்கொள்ளலாம். பதில் வந்தால் மனுவில் சேர்க்கலாம். வராவிட்டால் "கேட்டோம், சொல்லவில்லை" என்பதையே சேர்க்கலாம்.

மத்திய அரசு அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். இணையத்தில் கட்டலாம், இல்லாவிட்டால் போஸ்டல் ஆர்டர். நம் ஊர் வழக்கத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். அது மாநில அலுவலகத்துக்குத்தான் செல்லும், மத்திய அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். எங்களுக்கு ஒரு மாதம் இப்படிப் போனது.

"ஏன் அனுமதித்தீர்கள்", "இது நியாயமா" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது மூன்று இடத்தில். மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம்: கதிரியக்கச் சரக்குக் கப்பல்களுக்கான பன்னாட்டு விதிகளை நடைமுறைப்படுத்தும் சுற்றறிக்கைகளின் நகல், இந்தியக் கடல் வழியாக அப்படிப்பட்ட கப்பல் போவதாக வந்த முன்னறிவிப்புகள், ஆண்டு வாரியாக எண்ணிக்கை மட்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம்: கடல் வழிக் கதிரியக்கப் போக்குவரத்துக்கான பாதுகாப்பு விதி நூலின் நகல். லட்சத்தீவு, அந்தமான் நிர்வாகங்களிடம்: பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் கடலில் கதிரியக்க விபத்து பற்றிய பக்கங்களின் நகல்.

எண்ணிக்கை மட்டும் கேட்டதற்குக் காரணம் உண்டு. தேதி, பாதை, காவல் விவரம் கேட்டால் பிரிவு 8(1)(அ)-இன் கீழ் நாட்டின் பாதுகாப்பு என்று மொத்தமாக மறுத்துவிடுவார்கள். அதை மீறி மறுத்தால், தரக்கூடிய பகுதியைப் பிரித்துத் தாருங்கள் என்று பிரிவு 10-ஐச் சுட்டி முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கு 30 நாள். அடுத்து மத்தியத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள். தேதி எழுதுகிறவருடைய நோட்டு இங்கேதான் உயிர்.

6. ஆட்சேப மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை. முதல் பத்தியில் சரக்கு, பாதை, தீவு. இரண்டாவதில் ஆபத்து. மூன்றாவதில் அவரால் முடிந்த ஒரு செயல்.

ஆபத்துப் பத்தியில்தான் கவனம் வேண்டும். இந்தச் சரக்கை அடைக்கும் கனமான பெட்டகத்துக்குப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் சோதனைகள் இருக்கின்றன: 9 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும், 800 டிகிரித் தீயில் 30 நிமிடம் தாங்க வேண்டும், 15 மீட்டர் நீரில் 8 மணி நேரம், கதிரியக்கம் மிகுந்தவை 200 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் ஒரு மணி நேரம். இதைப் படித்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். 2021-இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கொள்கலன் கப்பல் பல நாள் எரிந்ததே, 30 நிமிடம் எந்த மூலைக்கு? நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு ஒரு கப்பல் பொறியாளர் திருத்தினார். சோதனைத் தீ பெட்டகத்தை முழுக்கச் சூழ்ந்து எரிவது. கப்பல் தீ வேறு பகுதியில் நாட்கணக்கில் எரியலாம். இந்தச் சரக்குக்கான கப்பல்களுக்கு இரட்டைச் சுவரும் தனித் தீயணைப்பு ஏற்பாடும் உண்டு, சாதாரணக் கொள்கலன் கப்பலோடு ஒப்பிட்டால் உடனே மறுத்துவிடுவார்கள் என்றார்.

அதனால் ஒப்பிடாமல், பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக மாற்றினோம். சரக்கு அறையைத் தொடும் தீ அதிகபட்சம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கணக்கிட்டீர்கள்? ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கப்பல் மூழ்கினால் பெட்டகத்தை யார், எதைக் கொண்டு எடுப்பார்கள்? மிக அருகிலுள்ள இழுவைக் கப்பல் எத்தனை நாளில் வரும்? அந்தத் தீவின் மருத்துவமனைக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? கரையருகே எடுத்துப் போவதே சுலபமில்லை என்பதை நாமே பார்த்தோம். 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளத்துக்கு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றி வந்த மிதவை, இழுவைக் கயிறு அறுந்து பாறையில் சிக்கியது. அவை புதிய கருவிகள், கதிரியக்கம் இல்லாதவை. மனுவில் இதைச் சொல்வதென்றால் அந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சட்டத்தில் மூன்று தப்பு திரும்பத் திரும்ப வருகிறது. லண்டன் உடன்படிக்கை கதிரியக்கக் கழிவைக் கடலில் கொட்டுவதைத்தான் தடுக்கிறது, 1993 திருத்தம் அதை முழுத் தடையாக்கியது. ஏற்றிப் போவதை அது தொடுவதில்லை. பாசல் உடன்படிக்கை நச்சுக்கழிவைப் பற்றியது, தனி ஏற்பாட்டின் கீழ் வரும் கதிரியக்கக் கழிவை அது விலக்கி வைத்திருக்கிறது. 1985-இன் ரரோடோங்கா ஒப்பந்தமும் (தென் பசிபிக்கை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கியது) 1995-இன் வைகானி உடன்படிக்கையும் (தீவு நாடுகளுக்குள் நச்சு, கதிரியக்கக் கழிவு இறக்குமதியைத் தடுப்பது) பசிபிக் தீவுகளுக்குப் பெரிய காவல்தான், ஆனால் கடந்து போகும் கப்பலை நிறுத்தும் பிடி அவற்றில் இல்லை. பிடி இருப்பது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில். ஆட்சிக் கடலைக் கடக்கும் அணுச்சரக்குக் கப்பல் ஆவணங்களை வைத்திருந்து சிறப்பு முன்னெச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது அதன் 23-ஆவது பிரிவு. கடல் சூழலைக் காக்கும் கடமையை 192-ஆவது பிரிவு எல்லா நாட்டுக்கும் வைக்கிறது. இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள், போதும்.

கோரிக்கைப் பத்தி எங்களுடையது இப்படி இருந்தது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"தீவு மக்களின் ஒப்புதலின்றி அவர்களுடைய கடல் வழியாக இச்சரக்கைக் கொண்டுசெல்வதை நிறுத்துமாறு கோருகிறோம். நிறுத்தும் அதிகாரம் தங்களிடம் இல்லையெனில், பாதையைத் தீவுகளின் 200 கடல் மைலுக்கு வெளியே மாற்றவும், முன்னறிவிப்பையும் மீட்புத் திட்டத்தையும் அத்தீவுகளின் அரசுகளுக்கு எழுத்தில் அளிக்கவும், கசிவு இல்லாத நிலையில் ஏற்படும் மீன்பிடி இழப்புக்கும் ஈடு தருவதாக உறுதியளிக்கவும் பரிந்துரைக்குமாறு கோருகிறோம்."

"நிறுத்தும் அதிகாரம் இல்லையெனில்" என்ற சொற்களை நீக்கிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் "எங்கள் அதிகார வரம்பில் இல்லை" என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள்.

7. ஊருக்குள் பேசும்போது ஃப்ளூரைடிலிருந்து தொடங்குங்கள்

பென்னாகரம் பக்கம் ஒரு பெரியம்மா என்னைக் கேட்டார்: "ஏங்கண்ணு, கடலே பாக்காதவ கையெழுத்த வெச்சிக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?" கதிர்வீச்சைப் பற்றி நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. கூட வந்த அக்கா அவருடைய பேரனின் பல்லைக் காட்டி, "இந்தக் கறை எதனால வந்தது பெரியம்மா?" என்றார். அவ்வளவுதான். குடிநீரில் இருக்கும் ஃப்ளூரைடு கண்ணுக்குத் தெரியாது, ருசி இல்லை, குடித்துப் பல ஆண்டு கழித்துத்தான் பல்லிலும் எலும்பிலும் காட்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை இந்த இரண்டு மாவட்டமும் பட்டதை நினைவுபடுத்தினால் போதும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஃப்ளூரைடு வேறு, கதிரியக்கம் வேறு. உவமைக்கு எடுத்ததை மனுவில் எழுதிவிடாதீர்கள்.

கையெழுத்துத் தாளின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கோரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். வெறும் தாளில் வாங்கி அப்புறம் முன்பக்கம் இணைத்தால் செல்லாது என்பார்கள், மக்களுக்கும் சந்தேகம் வரும். ஆதார் எண் கேட்காதீர்கள், பெயரும் ஊரும் போதும். தெலுங்கு, கன்னடம் பேசுகிற ஊரில் அந்த மொழியில் ஒருமுறை வாசித்துக் காட்டிய பிறகே வாங்குங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. வாசித்துக் கேட்டுப் போட்டவர் பிறகு யார் விசாரித்தாலும் தடுமாற மாட்டார்.

8. கிராம சபை, ஆட்சியர் அலுவலகம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளில் எது அடுத்து வருகிறதோ அதற்கு இரண்டு வாரம் முன்பே பொருளை எழுத்தில் ஊராட்சியில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். அன்றைக்குப் போய் எழுந்து நின்று பேசினால் பதிவாகாது.

தீர்மானத்தில் "தடை செய்கிறது" என்று எழுதினால் ஊராட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தள்ளுவார்கள். "மத்திய அரசைக் கேட்டுக்கொள்கிறது" என்று எழுதுங்கள். வருகைப் பதிவில் போதிய ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வேண்டும், 3,001 முதல் 10,000 வரை 200 பேர். நகலைக் கையொப்பத்தோடு வாங்கிய பிறகே வீட்டுக்குப் போங்கள்.

ஆட்சியரிடம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். அவரால் கப்பலை நிறுத்த முடியாது, மனுவை மேலே அனுப்ப முடியும். அதை மட்டும் கேளுங்கள். ஒப்புகை எண் இல்லாமல் திரும்பாதீர்கள்.

9. எம்.பி.யிடம் கேள்வியை எழுதியே கொடுங்கள்

"இதைப் பற்றிப் பேசுங்கள் ஐயா" என்றால் தலையாட்டுவார், மறந்துவிடுவார். மக்களவையில் கேட்கும் கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். ஆகவே அவர் உதவியாளர் அப்படியே தட்டச்சு செய்யும் வடிவத்தில், ஆங்கிலத்திலும் தமிழிலும், கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் முன்பே கொடுங்கள். எங்களுக்கு இதில்தான் பலன் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், அவையில் நம் கேள்வி குலுக்கலில் விழவில்லை. ஆனால் அதே கேள்வியை வேறு தொகுதிக்காரர்களும் அவரவர் எம்.பி.யிடம் கொடுத்தால் வாய்ப்புக் கூடுகிறது. நாகப்பட்டினம், ராமநாதபுரம், கன்னியாகுமரியில் தெரிந்தவர் இருந்தால் இன்றே அனுப்புங்கள்.

10. தெருவில் நிற்பதென்றால்

காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். கூடங்குளம் அணுஉலையை எதிர்த்த இடிந்தகரைப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் மேல் தேசத்துரோகப் பிரிவு வரை வழக்குப் போட்டார்கள். வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கிற பிள்ளைகளை முன்னால் நிறுத்தும் முன் இதை அவர்களிடமும் பெற்றோரிடமும் சொல்ல வேண்டியது நம் கடமை.

கப்பல் இருக்கும் இடத்தை நேரலையாகப் பின்தொடர்ந்து வாட்ஸாப்பில் போடாதீர்கள். உற்சாகத்தில் ஒரு மாணவர் செய்தார், நாங்கள் உடனே நீக்கச் சொன்னோம். சரக்கு தவறான கைக்குப் போகக்கூடாது என்பதும் நம் அக்கறைதான்.

11. கப்பல் போன பிறகு

இங்கேதான் குழுக்கள் கலைந்துவிடுகின்றன. கப்பல் கரை சேர்ந்த வாரமே மூன்று வேலை இருக்கிறது.

அனுப்பிய மனுக்கள், ஒப்புகைச் சீட்டுகள், வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் போடுங்கள். பதில் வராதவர்களுக்கு முதல் மனுவின் எண்ணைக் குறித்து நினைவூட்டல் அனுப்புங்கள். அடுத்து, தகவல் உரிமை மேல்முறையீட்டு நாட்களை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

மூன்றாவது, கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் கையெழுத்துத் தாளின் ஒரு படத்தையும், ஆங்கிலத்தில் ஒரு பத்தி விளக்கத்தோடு, பசிபிக் தீவு நாடுகள் மன்றத்தின் செயலகத்துக்கு, பிஜியின் சுவா நகருக்கு அனுப்புங்கள். விமானத் தபாலில் அனுப்பலாம், கிருஷ்ணகிரி தலைமைத் தபால் நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். உறையின் மேல் ஊர்ப் பெயரை முழுதாக எழுதுங்கள். பென்னாகரத்துப் பெரியம்மா பெயரை நாங்கள் முதல் வரிசையில் வைத்து அனுப்பினோம்.